எவ்விதக் காரணமும் இன்றி

உக்காரலாமாம்மா? கரண்ட் இருக்குல்ல? ஒரு மனு டைப் பண்ணணும். ஒரே பக்கந்தான். நான் சொல்லச் சொல்ல நீங்க டைப் பண்ணிக்கிட்டே வந்தாப் போதும், அடிச்சுத் திருத்தற வேலையே வராது. முப்பது வருஷமா இதுதான் நம்ம சோலி. ஸ்டேஷன் ரைட்டர். ஏட்டு தவமணின்னு இந்தக் கோர்ட்டு வாசல்ல கேட்டுப் பாருங்க, டீக்கடைக்காரன் வரைக்கும் சொல்லுவான். கையாலயே எழுதிருப்பேன். இந்தா பாருங்க, வலது கையில மாவுக்கட்டு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன். என்ன சிரிக்கிறீங்க? அக்யூஸ்டு விழுந்தாத்தான் பாத்ரூம் வழுக்குமா, போலீஸ்காரன் விழுந்தா வழுக்காதா?

சரி, ஆரம்பிங்க. அனுப்புநர், த. கனிஷ்கா, வயது பதினாறு, தகப்பனார் பெயர் தவமணி, காவலர் குடியிருப்பு. பெறுநர், தலைவர் அவர்கள், குழந்தைகள் நலக் குழு. ஐயா, மேற்படி முகவரியில் வசித்து வரும் நான், சுயநினைவுடனும் யாருடைய தூண்டுதலும் இன்றியும் எழுதிக்கொள்வது.

ஆமா, மனு என் மகளோடதுதான். அவ வரல. அம்மாகூடச் சாத்தூர்ல அவ மாமன் வீட்டுல இருக்கா. அவ சொல்ற மாதிரி நான் சொல்றேன், அதுல என்ன இருக்கு? ஸ்டேஷனுக்கு வர்றவன் எல்லாம் கோர்வையா வாக்குமூலம் சொல்றான்னா நினைக்கிறீங்க? அழுவான், மூக்கைச் சிந்துவான், நேத்து நடந்ததை இன்னைக்கும்பான். நாமதான் அதைக் கேஸுக்குத் தக்கன எழுதணும். என் எழுத்துல ஒரு வக்கீலும் ஓட்டை கண்டுபிடிச்சதில்ல. எப்படின்னு கேளுங்க. எதிரி என்ன செஞ்சான்னு மட்டும் எழுதணும். அதுக்கு முன்னாடி எவன் எவனை வஞ்சான், எவன் முதல்ல சட்டையைப் பிடிச்சான்னு எழுதினா கேஸ் நிக்காது. ‘எவ்விதக் காரணமும் இன்றி’. இந்த மூணு வார்த்தையைப் போட்டுட்டா எதிரி தப்பிக்கவே முடியாது.

அடுத்த வரி போடுங்க. என் தகப்பனார் என்னை எக்காலத்திலும் அடித்துத் துன்புறுத்தியதில்லை.

என்ன நிறுத்திட்டீங்க? டைப் பண்ணுங்கம்மா, உண்மைதான். அடின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஸ்டேஷன்ல நான் பாத்திருக்கேன், ஆளைக் குப்புறப் போட்டு ரெண்டு பேர் காலைப் பிடிச்சுக்கிட்டு, உள்ளங்கால்ல விழுகும். ஒண்ணு ரெண்டு நானும் போட்டிருக்கேன், இல்லைங்கல. அதுக்குப் பேர் அடி. வீட்டுல பிள்ளையை ரெண்டு தட்டுத் தட்டறதை எல்லாம் அடின்னு சொன்னா ஊர்ல எல்லா அப்பனும் உள்ளதான் இருக்கணும்.

கனிக்கு ஆறு வயசுல ஆட்டிசம்னு சொன்னாங்க. நான் நம்பல. ஏன் நம்பலன்னா அம்புட்டு அறிவு. எங்க குவார்ட்டர்ஸ்ல கரண்ட் எப்பப் போச்சு, எப்ப வந்துச்சுன்னு தினசரி காலண்டர்ல கிழிக்கிற தாள் இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி எழுதி வைப்பா. காலையில 9.12 போச்சு, 10.47 வந்துச்சு. அம்புட்டு சுத்தம். ஏழு வருஷத்துத் தாள் அட்டைப்பெட்டியில கிடக்கு. ஈ.பி. லைன்மேனே வந்து, “பாப்பா, போன வியாழக்கிழமை எத்தனை மணிக்குத் தாயி போச்சு?”ன்னு கேப்பான். நிமிந்து பாக்காம சொல்லுவா. இப்படி ஒரு பிள்ளைக்கு மூளையில கோளாறுன்னா எந்த அப்பன் நம்புவான்? திமிருன்னுதான் நினைச்சேன். கூப்பிட்டாத் திரும்ப மாட்டா. மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டா. மிக்ஸி ஓடுனா காதைப் பொத்திக்கிட்டுக் கத்துவா. இன்னொண்ணு, பொய் சொல்ல வராது. இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்திருக்காரு, “அப்பா எங்கம்மா?”ங்காரு, இவ, “கட்டிலுக்கு அடியில பாட்டிலை வச்சிட்டு வர்றேன்னாங்க”ங்கிறா. அன்னைக்கு ரெண்டு தட்டுத் தட்டினேன். தட்டாம என்ன செய்யச் சொல்றீங்க?

பத்தாம் வகுப்புக்கு வந்த வருஷந்தான் ரொம்ப முத்திப் போச்சு. தலையைக் கொண்டுபோய்ச் செவத்துல மோதுவா. ணங்கு ணங்குன்னு. கையைக் கடிச்சுத் தோலை எடுத்துருவா. ஒருநாள் சோத்துத் தட்டைத் தூக்கி டி.வி. மேல எறிஞ்சா. இன்னொரு நாள் என் மேலயே பாஞ்சு, இந்தா பாருங்க, தோள்ல, நாலு பல்லு பதிஞ்சிருக்கு. பதினஞ்சு வயசுப் பொம்பளப்பிள்ளை. இது மட்டும் வன்முறை இல்லையா? இதை எந்தக் குழுவும் கேக்க மாட்டேங்குது.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்க எஸ்தர்னு ஒரு மேடம், மனநல ஆலோசகர், நம்ம சர்வீஸ் கூட இருக்காது அந்தப் பொண்ணு வயசு. ஒரு நோட்டைக் குடுத்துச்சு. பக்கத்துக்கு மூணு கட்டம். முதல் கட்டத்துல, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு. ரெண்டாவதுல, கனி என்ன செஞ்சா. மூணாவதுல, அதுக்கப்புறம் நீங்க என்ன செஞ்சீங்க. “வீட்டுல யாராவது தவறாம எழுதணும் சார், இதை வச்சுத்தான் டாக்டர் மருந்தை முடிவு பண்ணுவாங்க”ன்னுச்சு. என் பொஞ்சாதி மாரீஸ்வரி கையை நீட்டுனா. நான் வாங்கிக்கிட்டேன். வீட்டுல ஒரு ரைட்டர் இருக்கும்போது எட்டாவது படிச்சவ எழுதுறதா?

எழுதினேன்மா. மூணு மாசம். ஒரு நாள் விடல. நேரம், சம்பவ இடம், சேதம், காயம். ‘மேற்படி நபர் எவ்விதக் காரணமும் இன்றித் தன் தலையைத் தானே சமையலறைச் சுவரில் மோதி, தடுக்கச் சென்ற தாயாரை நகத்தால் கீறி’. அந்த டாக்டர் படிச்சுட்டு என்ன சொன்னாரு தெரியுமா? “இவ்வளவு தெளிவா எந்தப் பெத்தவங்களும் எழுதினதில்ல.” எங்க டி.எஸ்.பி. கூட என்னை அப்படிப் பாராட்டினதில்ல.

காரணமே இல்லாம ஒரு பிள்ளை இப்படிச் செய்யுதுன்னா அது வேற நோயா இருக்கும், மனச்சிதைவா இருக்கலாம்னு மாத்திரையைக் கூட்டினாரு. அரை மாத்திரை ஒண்ணாச்சு. ஒண்ணு ரெண்டாச்சு. கூட ஒரு வெள்ளை மாத்திரை. நல்லா அடங்கிட்டா. ரொம்ப அடங்கிட்டா. வாயில எச்சி ஒழுகும், துடைக்கத் தெரியாது. கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்கும். பள்ளிக்கூடத்துல பேரு எழுதச் சொன்னா பாதியில நிறுத்திட்டு பேனாவைப் பாப்பாளாம். காலண்டர் தாள் எல்லாம் வெள்ளையாவே கிடந்துச்சு. கரண்ட் போகும், வரும், அவ உக்காந்தே இருப்பா. லைன்மேன் வந்து கேட்டான், இவ அவனைப் பாத்துச் சிரிச்சா. அவன் போய்ட்டான். எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. இல்லாமயா இருக்கும்? பெத்தவன்தான நானும்.

அது எல்லாத்துக்கும் நடுவுல ஒருநாள் சாயங்காலம், நான் மேஜையில உக்காந்து நோட்டு எழுதிக்கிட்டிருக்கேன். இவ பின்னாடி வந்து நின்னு வாசிச்சிருக்கா. நாக்கு குழறுது. குழறிக்கிட்டே, “அப்பா, தப்பு. ஆறு பத்துக்கு அம்மா முடியைப் பிடிச்சு நீங்க கதவுல இடிச்சீங்க. ஆறு பதினொண்ணுக்குத்தான் நான் கத்தினேன். முதல் கட்டத்துல அது வரணும்”ங்கிறா.

சொல்லுங்கம்மா. நீங்களே சொல்லுங்க. முப்பது வருஷ எழுத்து. மாஜிஸ்திரேட்டு கேக்காத கேள்வியை என் வீட்டுல நின்னுக்கிட்டு என் மகள் கேக்கறா. குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு மாரியை ஒரு தள்ளு தள்ளுனது ஒரு சம்பவமா? பெல்ட்டு கையில இருந்துச்சு. டூட்டி முடிஞ்சு அப்பத்தான் கழட்டியிருந்தேன். எடுத்தேன். பக்கிள் பக்கம் வந்துருச்சு, நான் பாக்கல. புருவத்துக்கு மேல கிழிஞ்சுருச்சு. ரத்தம் கண்ணுல இறங்குது, அவ துடைக்கக்கூட இல்ல. “ஆறு நாப்பத்தி ரெண்டு”ங்கிறா. எனக்கு வெறி ஏறிப்போச்சு. இன்னும் நாலு போட்டேன். ஒவ்வொண்ணுக்கும் எண்ணிக்கிட்டே நிக்கிறாம்மா. மாரி குறுக்க வந்து விழுந்தா, அவளுக்கும் விழுந்துச்சு.

ஆஸ்பத்திரியில நாலு தையல். டூட்டி டாக்டர் ஒரு சின்னப் பையன். “எப்படிம்மா ஆச்சு?”ன்னு இவகிட்டயே கேக்கறான். இவ, “அப்பா பெல்ட்டு, பக்கிள்”ங்கிறா. எனக்கு உயிரே போச்சு. சட்டுன்னு நோட்டை எடுத்து நீட்டினேன். “மனநிலை சரியில்லாத பிள்ளை சார். தானா மோதிக்கும், அப்புறம் எங்க மேல சொல்லும். பாருங்க, மூணு மாசமா எழுதி வச்சிருக்கேன்.” அவன் புரட்டிப் பாத்தான். “கஷ்டம்தான் சார்”னு என் தோள்ல கை வச்சான். நோட்டு காப்பாத்திருச்சு. அதுக்கப்புறம் இன்னும் ஒரு மாத்திரை கூடுச்சு, அது வேற.

நீங்க ஏன் என்னை அப்படிப் பாக்கறீங்க? டைப் பண்ணுங்க. எனது நெற்றியில் ஏற்பட்ட காயம், குளியலறையில் வழுக்கி விழுந்ததால் ஏற்பட்டதே தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

எல்லாத்தையும் கெடுத்தது அந்த எஸ்தர் மேடந்தான். ஒருநாள் நோட்டை வச்சுக்கிட்டு, “நாப்பத்தியோரு சம்பவம் எழுதியிருக்கீங்க சார். நாப்பத்தியொண்ணுலயும் முதல் கட்டத்துல ஒரே வரி. எந்தப் பிள்ளையும் நாப்பத்தியோரு தடவை காரணமே இல்லாம மோதாது”ன்னுச்சு. நான், “உங்க படிப்புல வராதது எங்க வீட்டுல வருதும்மா”ன்னேன். அது நேரா பெரிய டாக்டர்கிட்ட பேசி, மாரியையும் கனியையும் பதினஞ்சு நாள் வார்டுல சேத்துருச்சு. மாத்திரையைக் குறைச்சுப் பாக்கணுமாம். அப்பா மட்டும் வர வேண்டாமாம். ஏன்னு கேட்டேன். “பார்க்கணும் சார்”னுச்சு. நானும் ஒரு காலத்துல ஆளை உள்ள வச்சுக்கிட்டு, வெளிய நிக்கிற சொந்தக்காரன்கிட்ட இதைத்தான் சொல்லிருக்கேன்.

பதினாலு நாள். ஒரு தடவை மோதல. ஒரு தடவை கடிக்கல. அதை என்ன பெரிய அதிசயம்னு கேக்கறேன். ஆஸ்பத்திரியில நர்ஸ் பயம் இருக்கும். ஏ.சி. இருக்கு. மிக்ஸி கிடையாது. வீட்டுல அடங்காத எத்தனை பேரு ஜெயில்ல ஒழுங்கா இருக்கான்?

அதோட விட்டுச்சா? நோட்டை அவகிட்டயே குடுத்திருக்கு. “முதல் கட்டத்தை நீ எழுதுடா”ன்னு. மாத்திரை குறைஞ்சதுல கை நடுக்கம் நின்னுருச்சுல்ல, உக்காந்து எழுதியிருக்கா. என் வரியை ஸ்கேல் வச்சு அடிச்சுட்டு, அதுக்கு மேல, பென்சில்ல. அதை ஜெராக்ஸ் எடுத்து எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க, ஸ்டேஷன்ல. பெல்ட்டு, முடி, செருப்பு, அதெல்லாம் ஒரு பதினாலுதான் வரும். அது சரி, ஞாபகம் வச்சிருக்கா, எழுதிட்டா. மிச்ச இருபத்தியேழு இருக்குல்ல, அதுல நான் ஒண்ணுமே செய்யல. நான் தொடக்கூட இல்ல. அதுல என்ன எழுதியிருக்கா தெரியுமா? ‘அப்பா பைக் தெருமுனையில் திரும்பியது.’ ‘அப்பா ஷூவைக் கழட்டினார்.’ ‘அப்பா செருமினார்.’ ‘அப்பா வீட்டில் இருந்தார்.’ இது ஒரு குத்தமாம்மா? சொந்த வீட்டுக்கு ஒரு மனுசன் வரக் கூடாதா?

பதினஞ்சாவது நாள் நான் போனேன். வர வேண்டாம்னா நான் கேட்டுருவேனா? வெராண்டாவுல ஜன்னல் இருக்கு, அதுல நின்னு பாத்தேன். கட்டில்ல சம்மணம் போட்டு உக்காந்திருக்கா. பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு ஏதோ சொல்லிக்கிட்டிருக்கா. சொல்லிட்டுச் சிரிக்கிறா. குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறா. அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லம்மா. பதினாறு வருஷத்துல கேட்டதில்ல. அவ சிரிச்சா ஒரு பக்கம் கன்னத்துல குழி விழுகும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். அப்படியே நின்னேன். கண்ணு கலங்கிப் போச்சு. அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். போகணும்னு நினைச்சு ரெண்டு எட்டு வச்சேன்.

ஷூ சத்தம் கேட்டுருச்சு அவளுக்கு. ஆளைக்கூடப் பாக்கல. சத்தம்தான். சிரிப்பு அப்படியே நின்னுச்சு. அடுத்த நிமிசம் கட்டில் இரும்புல போய் மோதறா. ணங்கு. ணங்கு. தையல் போட்ட இடமே திறந்துருச்சு. நான் உள்ள ஓடினேன், பிடிக்கத்தான் ஓடினேன், சத்தியமா. “நிறுத்துடி, நிறுத்துடி சனியனே”ன்னு. அவ நிறுத்தல. நான் பக்கத்துல போகப் போக ஜாஸ்தியாகுது. எல்லாரும் பாக்கறாங்க, நர்ஸ் பாக்குது, பக்கத்துக் கட்டில் பிள்ளை வீல்னு கத்துது. கை தானா போயிருச்சு. கன்னத்துல ஒண்ணு. அந்தக் குழி விழுந்த கன்னம். ரெண்டாவது ஓங்கும்போது கையில என்னமோ இறங்குச்சு. டக்குன்னு சத்தம். பாத்தா மாரி. குளுக்கோஸ் பாட்டில் தொங்க விடற இரும்புக் கம்பி இருக்குல்ல, அதை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. கல்யாணமாகி இருபது வருஷத்துல என்னை நிமிந்து பாக்காதவ. “இன்னொரு தடவை அந்தக் கை பிள்ளை மேல பட்டுச்சு, மண்டையைப் பொளந்துருவேன்”ங்கிறா. ரெண்டு எலும்பு. தகடு வச்சு ஸ்க்ரூ போட்டிருக்கு உள்ள.

நான் எங்க போய்ச் சொல்றது? பொண்டாட்டி அடிச்சுட்டான்னு ஸ்டேஷன்ல சொன்னா என் ஜூனியர் பையன் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறான். பாத்ரூம்ல விழுந்தேன்னு நானே எழுதிக் குடுத்துட்டேன். ஆனா என் மேல கேஸ் போட்டுட்டாங்க. சஸ்பெண்டு. அவளை என்கிட்டத் திருப்பி அனுப்பறதா வேண்டாமான்னு திங்கக்கிழமை விசாரணை. மாத்திரை இப்போ பழையபடி அரைதானாம். சாத்தூர் வீட்டுல காலண்டர் தாள்ல மறுபடி எழுத ஆரம்பிச்சுட்டாளாம், மச்சினன் குருசாமி சொன்னான். பத்தாவதுக்கு அடுத்த வருஷம் உக்காரப் போறாளாம். நல்லது. நல்லா இருக்கட்டும். ஆனா எங்க வீட்டுல இருந்து நல்லா இருக்கக் கூடாதா? நான் என்ன, பிள்ளையை வெறுத்தா இதெல்லாம் செய்யறேன்? வீட்டுக்குள்ள நுழைஞ்சா மயான அமைதி. பைக்கை நிறுத்திட்டு வேணும்னே ஒரு தடவை செருமிப் பாப்பேன். ஒரு பாத்திரம் கூட விழுகாது. அழுகையா வருதும்மா.

கடைசி வரி போடுங்க. எனவே நான் என் தகப்பனாருடன் வசிக்க முழு மனதுடன் சம்மதிக்கிறேன். இப்படிக்கு, கனிஷ்கா. கையெழுத்துக்கு இடம் விடுங்க.

போடுவாளான்னா? போன வாரமே கையால ஒருத்தன்கிட்ட எழுதி வாங்கிட்டுப் போனேன். வாசிச்சுட்டு, “இது எல்லாம் தப்பு”ன்னு திருப்பிக் குடுத்துட்டா. கோவமே இல்ல மூஞ்சியில. இன்னைக்கு மாரி இருக்க மாட்டா, தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போயிருவா. குருசாமியும் கடைக்குப் போயிருவான். நான் போய் உக்கார வச்சு, பொறுமையாச் சொல்லி, கையைப் பிடிச்சுப் போட வச்சிருவேன். வலது கைதான உடைஞ்சிருக்கு. இடது கை நல்லாத்தான் இருக்கு.

சரி, பிரிண்ட் எடுங்க. மூணு காப்பி.

என்னது, பிரிண்டர் ஓடலையா? மை தீந்துருச்சா? இப்பத்தான நான் வரும்போது அந்தப் பெரியவருக்கு ரெண்டு பக்கம் எடுத்துக் குடுத்தீங்க. ஏம்மா, ஏன் வயரைப் பிடுங்கறீங்க? ஃபைலும் அழிஞ்சு போச்சா? எப்படி அழியும்? என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க. முப்பது வருஷம் ஸ்டேஷன்ல இருந்தவன்மா நான், பொய் எதுன்னு எனக்குத் தெரியாதா? அவ யாரு, நீங்க யாரு? மூஞ்சியக் கூடப் பாக்காத ஒரு பிள்ளைக்காக இப்படிக் கூசாமப் பொய் சொல்றீங்க.

இல்ல, நான் சத்தம் போடல. உக்காருங்க. பயப்படாதீங்க. நான் போயிடறேன்.

உங்களுக்கு வர்ற மாதிரி அவளுக்கும் வந்திருந்தா எம்புட்டு நல்லா இருந்திருக்கும். மனுவுல வேண்டாம், குழு முன்னாடி வேண்டாம். என்கிட்ட, என் மூஞ்சியப் பாத்து, “அப்பா, உங்களைக் கண்டா எனக்குப் பயமில்ல”ன்னு ஒரே ஒரு பொய். நான் நம்பிருவேன்மா.